தைத்த கூலி யார் கணக்கில் ஏறுகிறது?



வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறவர்கள், ஓலைப்பெட்டி முடைகிறவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர். முன்பெல்லாம் கூலி கையில் வரும். இப்போது "அக்கா, ஜிபே நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். நாமும் சட்டென்று வீட்டுக்காரர் நம்பரையோ மகன் நம்பரையோ சொல்லிவிடுகிறோம். அப்போது பணம் அவர்கள் கணக்கில்தான் ஏறும். மூன்று மாதம் விடாமல் தைத்த ஒரு அக்காவின் பாஸ்புக்கைக் கூட்டத்தில் பார்த்தோம். ஒரு வரவுகூட இல்லை! நாளைக்குத் தனிக்கடன் கேட்டுப் போனால், வங்கியில் அந்தக் கணக்கைத்தானே பார்ப்பார்கள்?

ஸ்மார்ட் போன் இல்லையே என்று தயங்க வேண்டாம். உங்கள் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் கொடுத்தால் போதும். இரண்டும் பாஸ்புக் முதல் பக்கத்தில் இருக்கும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் முறையில் ஞாயிற்றுக்கிழமையும் பணம் வருகிறது. வெளியூர்க் கடைக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுப்பவர்களுக்கு இதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. உள்ளூரில் நூறு, இருநூறு என்றால் ரொக்கமாகவே வாங்குங்கள், தப்பில்லை. செக் கொடுத்தால் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும்.

முக்கியமான விஷயம்: பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் வேண்டும். "பணம் வரணும்னா பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். "அனுப்பிட்டேன்" என்று போனில் படம் காட்டினாலும், கணக்கில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத் துணியைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பாஸ்புக்கை எடுத்து வாருங்கள். எது எந்த எண் என்று சேர்ந்தே பார்த்துவிடுவோம்.