மண்ணால் ஓர் ஆரோக்கிய விடுதி



நகர வாழ்க்கையில் களைத்தவர்கள் சில நாள் வந்து தங்கி, நல்ல காற்றும் நல்ல உறக்கமும் எளிய உணவும் பெற்றுத் திரும்புவதற்கென அமைக்கப்படும் இல்லத்தை ஆரோக்கிய விடுதி என்கிறோம். அத்தகைய விடுதி ஒன்றை எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் கட்ட விரும்பிய பழைய மாணவர் ஒருவர், சென்ற கோடையில் வரைபடத்துடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முழுவதும் இயற்கைப் பொருள்களாலேயே கட்டப்போவதாகச் சொல்லி மகிழ்ந்தார். படித்துப் பார்த்தேன். மூங்கில் அஸ்ஸாமிலிருந்து, தரைக்கல் இராஜஸ்தானிலிருந்து, மரமோ கடல் கடந்து வருவது! “தம்பி, இவை இயற்கைப் பொருள்கள்தாம். ஆனால், லாரிப் புகையும் இதில் சேர்ந்திருக்கிறதே?” என்றேன். தம் சேமிப்பு முழுவதையும் அவர் இதில் இடப்போகிறார் என்று அறிந்தபின் எங்கள் பேச்சு நீண்டது. அன்று அவரிடம் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கட்டடம் நோயைத் தீர்ப்பதில்லை. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், தூய காற்றும் ஓய்வுமே சிகிச்சையாக இருந்தன. தாம்பரம் சானடோரியம் 1928-இல் அவ்வாறு எழுந்ததே. பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில், நோயாளிகளுள் ஒரு சாரார் சானடோரியத்திலும் மற்றொரு சாரார் தத்தம் வீட்டிலும் இருந்தபடியே ஓராண்டுக் காலம் மருந்துண்டனர். நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். ஆதலால், “எங்கள் மண்சுவர் பிணி தீர்க்கும்” என்று எவரேனும் விளம்பரம் செய்வாராயின் அதனை நம்ப வேண்டா.

அங்ஙனமாயின் சுவர் நமக்குச் செய்வது யாது? உறங்க விடுகிறது. ஒன்றரை அடிக் கனமுள்ள மண்சுவரில் பகல் வெயில் மெல்ல மெல்லவே ஊடுருவும். அது உட்புறத்தை எட்டுவதற்குப் பல மணி நேரம் ஆகும். களிமண் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு, காற்று உலரும்போது திருப்பித் தரும். ஆனால் பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் இரவில் வெளிவிட்டே தீர வேண்டும் அல்லவா? எங்கள் ஊர்ச் சித்திரை இரவுகளில் காற்றோட்டம் இல்லையேல் மண்வீடும் புழுங்கும்.

இதற்குப் புதுச்சேரியில் உள்ள ‘கோல்கொண்டா’ என்னும் தங்கும் இல்லத்தையே நான் உதாரணமாகக் கூறுவது வழக்கம். ஆன்டனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, 1930-களின் பிற்பகுதியில் அதன் வேலை தொடங்கியது. வேடிக்கை என்னவெனில், அது கான்கிரீட் கட்டடம்! எனினும் அதன் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. அப்பக்கங்கள் முழுவதும் திருப்பத்தக்க கிடைத்தகடுகள் அமைந்து, வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. திசையும் நிழலும் காற்றும் முதலில். மண்ணா கல்லா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஒரு வீட்டை ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. 1945-இல் இந்தியா வந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இக்கருத்தைத் தம் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்து வந்தார். எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? குன்றுகளில் கருங்கல், வயலோரங்களில் பனை, ஏரிகளில் வண்டல், காலடியில் செம்மண். வந்தவாசிக் கோரைப்பாய் இருக்க, அறைக்குள் விரிக்க வேறு விரிப்பு எதற்கு?

மண் என்றால் குடிசைதான் என்று எண்ணுவோர் ஆரோவிலுக்குச் சென்று வருக. திண்டிவனம் வழியே எளிதில் போகலாம். அங்குள்ள பார்வையாளர் மையம், சுடாத மண்கட்டிகளால் ஆனது. ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென எகிப்தியக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் வழங்கப்படும் விருதை அது 1992-இல் பெற்றது. செம்மண்ணுடன் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்கி, ஏறத்தாழ நான்கு வாரம் ஈரம் காத்துப் பதப்படுத்துகிறார்கள். சூளை இல்லை, விறகும் இல்லை.

மண்ணுக்குப் பகை நீர். அடியில் கருங்கல் அடித்தளம் உயரமாக இருத்தல் வேண்டும். மேலே தாழ்வாரம் நன்கு நீண்டிருத்தல் வேண்டும். பூச்சு சுண்ணாம்பாக இருத்தல் நலம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் தந்தையார் காலத்து மண்சுவருக்கு, உறுதி சேர்ப்பதாக எண்ணிச் சிமெண்டுப் பூச்சுப் பூசினேன். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாம் மழைக்காலத்தில் ஒரு பக்கச் சுவர் பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. அறிவியல் கற்பித்த ஆசிரியன் செய்த பிழை அது! சுண்ணாம்பு பூசியிருந்தால் சுவர் மூச்சு விட்டிருக்கும்.

கூரையைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் தாழ்கிறது. மாணவர் வரைபடத்தில் எல்லா அறைகளுக்கும் ஓலைக் கூரை, சமையலறைக்கும் அதுவே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளி ஒன்றின் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அந்நாளில் வகுப்பறையில் நின்று கற்பித்துக்கொண்டிருந்தவர்கள் எவரும் அதனை மறப்பதற்கில்லை. இயற்கைப் பொருள் என்பதால் ஆபத்தற்ற பொருள் ஆகிவிடாது. உறங்கும் அறைகளுக்கு நாட்டு ஓடும் பனை வாரையும் போதும். காற்று வாங்கும் திறந்த கொட்டகைக்கு மட்டும் ஓலை இருக்கட்டும். அடுக்களை தனியே, தள்ளி, ஓட்டின்கீழ் அமையட்டும் என்றேன். அழகு குறையுமே என்றார். குறையட்டும் என்றேன்.

இனி, நிலத்து மண் சுவருக்கு ஆகுமா என அறிவது எப்படி? இதனை நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு மண்ணும், மீதிக்கு நீரும், ஒரு சிட்டிகை உப்பும் இட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். சரளையும் மணலும் உடனே படியும். அதன்மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளும் ஆகலாம். ஒவ்வொரு படலத்தையும் அடிக்கோலால் அளவிடுங்கள். சிமெண்டு கலந்த கட்டிக்கு நூற்றில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்னும் அளவு நல்லது எனக் கொள்வர்.

அந்த மாணவரின் நிலத்து மண்ணை இட்ட புட்டி, இரண்டு நாள் என் சன்னலோரத்தில் இருந்தது. மணல் மிகுதி, களி ஒரு விரற்கடைகூட இல்லை. முறைப்படி அனுமதி பெற்று, ஏரி வற்றியதும் களிப்பான வண்டல் எடுத்துக் கலக்க வேண்டும் என்று கணக்கிட்டோம். பழைய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டவர், புட்டியையும் கேட்டு எடுத்துக்கொண்டு சென்றார்.