ஆநிரை மீட்டவர்கள்

மணிமுத்தாறு அணையின் கரைமேல் நின்று மலைகளை நோக்குகிறவர்களுக்குச் சிங்கம்பட்டிக் காடுகளும் அவற்றுக்கப்பால் அடுக்கடுக்காக எழும் பொதிகைச் சிகரங்களும் கண்ணில் படும். அந்த மலைகளின் மடியிலே, காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் சன்னிதியிலே, பட்டவராயன் என்ற திருநாமத்துடன் தெய்வமாக வீற்றிருக்கும் முத்துப்பட்டனுடைய விருத்தாந்தத்தை, திருநெல்வேலிச் சீமையில் கொடை விழாக்களைக் கண்டு வளர்ந்த எவரும் கேளாதிருக்க முடியாது. அந்தணர் குலத்தில் பிறந்து, வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்கள்மேல் காதல் கொண்டு, அவர்களுடைய தகப்பன் விதித்த நிபந்தனைப்படி பூணூலையும் குடுமியையும் களைந்து, தன் கையாலேயே தோல் அறுத்துச் செருப்புத் தைத்து, அவர்களை மணந்துகொண்ட அந்த மனிதன், மணமான அன்றிரவே மாமனாருடைய மாடுகளைக் கள்வர்கள் ஓட்டிச் சென்றார்கள் என்று கேட்டு, வாளெடுத்துச் சென்று, மாடுகளை மீட்டபின், ஓடையிலே உடம்பைக் கழுவிக்கொண்டிருந்த வேளையில், ஒளிந்திருந்த ஒருவனால் பின்னாலிருந்து குத்தப்பட்டு மாண்டான். இரு மனைவியரும் தீயில் இறங்கினார்கள்.

மேய்ச்சல் நிலம், மாட்டுக் களவு, சமூகத்துக்குப் புறம்பாகத் தனித்து நிற்கும் வீரன், சட்டம் எட்டாத மலையடிவாரம், முதுகில் பாயும் ஆயுதம் என்று எந்த அம்சத்தை எடுத்துக்கொண்டாலும், அமெரிக்கர்கள் வெஸ்டர்ன் என்றும் நம்மவர்கள் கௌபாய் படம் என்றும் சொல்லுகிற அந்தத் திரைப்பட வகைக்குரிய சகல லட்சணங்களும் இந்தக் கதையிலே பரிபூரணமாக அமைந்திருக்கின்றன. இதில் அதிசயப்படவும் ஏதுமில்லை. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்து, மீட்டு மடிந்தவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட ஜனங்கள் நாம். ஆகவே இந்தப் படங்களைப் பற்றியும், பழைய படங்களை மறுபடியும் எடுக்கிறார்களே அந்த முயற்சிகளைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லத் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்குப் பூர்வீகமான ஓர் அருகதை உண்டென்றே கருதுகிறேன். ஆண்டுதோறும் அதே கதையை வில்லுப்பாட்டில் கேட்டு, அதே இடத்தில் கண்ணீர் விடுகிற ரசிகர்கள், ஒரு கதையை இரண்டாம் முறை சொன்னார்கள் என்பதற்காகவே அதனை இகழ்ந்துவிட மாட்டார்கள். இரண்டாம் முறை சொன்னபோது எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்றுதான் கேட்பார்கள்.

அப்படிக் கேட்பதற்குத் தகுந்த படங்களில் எனக்கு முதலாவதாகத் தோன்றுவது 'த்ரீ டென் டு யூமா'. எல்மோர் லெனார்ட் எழுதிய ஒரு சிறுகதையை ஆதாரமாகக் கொண்டு 1957இல் டெல்மர் டேவ்ஸ் கறுப்பு வெள்ளையில் எடுத்த இப்படத்தை, சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 2007இல் ஜேம்ஸ் மேன்கோல்ட் மறுபடியும் எடுத்தார். மழை பொய்த்து, மாடுகள் மடிந்து, இருநூறு டாலர் இன்றித் தவிக்கும் டேன் எவன்ஸ் என்ற ஏழைக் குடியானவன், அந்த இருநூறு டாலருக்காக, பென் வேட் என்ற கொள்ளைக் கூட்டத் தலைவனை யூமா சிறைக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடுவதாக ஒப்புக்கொள்கிறான் என்பதே இரண்டு படங்களுக்கும் பொதுவான கதை. பழைய படத்திலே அந்தப் பணம் பக்கத்து ஓடையில் தண்ணீர் காட்டும் உரிமையைப் பெறுவதற்காக; அந்தப் பஞ்சமோ வானம் இழைத்த கொடுமை. அதற்கு யாரும் பொறுப்பாளி அல்ல. புதிய படத்திலோ, ரயில் பாதை வரப்போகிறது, நிலத்தின் விலை ஏறப்போகிறது என்பதை அறிந்த கடன்காரன் ஒருவன், எவன்ஸின் நிலத்துக்கு வரும் தண்ணீரை மேலேயே மறித்துவிடுகிறான். படத்தின் ஆரம்பத்திலேயே அவனுடைய ஆட்கள் வந்து களஞ்சியத்துக்குத் தீ வைக்கிறார்கள்.

இந்த ஒரு மாறுதலை நம் பக்கத்து விவசாயி எவ்வளவு கூர்மையாக உணர்வான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 118 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கும் மணிமுத்தாறு அணை, அமெரிக்காவில் டேவ்ஸ் அந்தப் படத்தை எடுத்த அதே 1950களின் பிற்பகுதியில், நாங்குநேரி, சாத்தான்குளம் முதலிய வறண்ட பிரதேசங்களின் குளங்களுக்கு நீர் சேர்க்கும் உத்தேசத்துடன் எழுந்தது. மழை பெய்தாலும் மேல்மடையிலிருந்து தண்ணீர் இறங்கி வராவிட்டால் கடைமடைக்காரனுடைய பயிர் கருகித்தான் போகும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த உண்மை. தாகத்துக்கு ஒரு காரணகர்த்தா உண்டு என்று காட்டிய அளவில் மேன்கோல்டின் படம் மூலத்தைக் காட்டிலும் ஆழமான படம் என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். உள்நாட்டுப் போரில் காலை இழந்த எவன்ஸாக வரும் கிறிஸ்டியன் பேல், தன் மூத்த மகன் தன்னைக் கோழை என்று நினைக்கிறானே என்ற துக்கத்தை முகத்தில் சுமந்துகொண்டே படம் முழுவதும் நடந்து வருகிறார்; அது மூலத்தில் இல்லாத, ஆனால் மூலத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டிய துக்கம்.

ஆயினும் கடைசிப் பகுதிக்கு வரும்போது தராசு மறுபுறம் சாய்ந்துவிடுகிறது. 1957ஆம் வருஷத்துப் படத்தின் ஜீவநாடி ஓர் ஓட்டல் அறை. புதுமணத் தம்பதிகளுக்கென்று ஒதுக்கிய அந்த அறையிலே கட்டிலில் சாவதானமாகச் சாய்ந்தபடி, குரலை உயர்த்தாமல், ஏறக்குறைய பரிவோடு, பணத்தாசை காட்டிக்கொண்டே இருக்கிறார் வேடாக வரும் கிளென் ஃபோர்டு. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, பதில் சொல்லவும் முடியாமல் சொல்லாதிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் எவன்ஸாக வரும் வான் ஹெஃப்லின். ஒரு குண்டும் வெடிக்காத அந்தச் சம்பாஷணையில் இருக்கும் நெருக்கடி, புதிய படத்தின் இறுதியில் ஊர் முழுவதும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு திரளும் அமளியில் இல்லை. அங்கே எவன்ஸ் சுடப்பட்டு இறக்கிறான். அவனைச் சுட்ட தன் கூட்டத்தாரையே வேட் சுட்டுத் தள்ளிவிட்டு, தானாகவே ரயிலில் ஏறுகிறான். வேடாக நடித்த ரஸ்ஸல் குரோவின் திறமையால்கூட இந்த மனமாற்றம் நம்பத் தக்கதாகவில்லை. பழைய படத்தில் வேட் செய்வது மிகச் சிறிய காரியம்: ஓடும் ரயிலில் எவன்ஸோடு தானும் தாவிவிடுகிறான், தன் உயிரைக் காப்பாற்றியவனுக்குப் பட்ட கடன் தீர்ந்தது, அவ்வளவுதான். உடனே மழை பெய்கிறது. அந்த மழை சௌகரியத்துக்காகப் பெய்விக்கப்பட்ட மழை என்று குறை சொல்வோர் உண்டு. மானம் பார்த்த பூமியிலே உழுதவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இருநூறு டாலர் வாங்கித் தரக்கூடிய தண்ணீரும் வானம் தரக்கூடிய தண்ணீரும் ஒரே நாளில் வந்து சேர்வது, அந்தக் குடும்பம் பட்ட கஷ்டத்துக்கு அதிகப்படியான கூலி அன்று.

'ட்ரூ கிரிட்' விஷயத்திலே எனக்கு இத்தகைய இருமனம் இல்லை. சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் வெளியிட்ட நாவல் அது. தகப்பனைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் மேட்டி ராஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுமி, முதுமை அடைந்தபின் தானே சொல்லும் கதை. அடுத்த ஆண்டே ஹென்றி ஹாத்தவே எடுத்த படம், ஒற்றைக் கண் மார்ஷல் ரூஸ்டர் காக்பர்னாக நடித்த ஜான் வெய்னுக்கு அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் விருதை வாங்கிக் கொடுத்தது. ஆனால் கதை சொல்லும் பெண்ணிடமிருந்து கதையைப் பிடுங்கி அந்தப் பெரிய நட்சத்திரத்தின் கையிலே ஒப்படைத்துவிட்டது. 2010இல் கோயன் சகோதரர்கள் செய்த நற்காரியம், அந்தக் குரலை மேட்டிக்கே திருப்பிக் கொடுத்தது. ஹெய்லி ஸ்டைன்ஃபீல்டு என்ற சிறுமி, குதிரை வியாபாரியிடம் பேரம் பேசி அவரைத் திணறடிக்கும் காட்சியில் முகத்திலே ஒரு சுருக்கமும் விழாமல், கணக்குப் பிசகாமல், வக்கீலின் பெயரைச் சொல்லி மிரட்டிக்கொண்டே வாதாடுவதைப் பார்க்கும்போது, இவள் ஏன் தனியாகப் புறப்பட்டாள் என்ற கேள்வியே எழுவதில்லை. பாம்பு கடித்ததனால் மேட்டி ஒரு கையை இழக்கிறாள் என்பதைப் பழைய படம் சொல்லாமல் விட்டது. கையைக் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் நிற்க, ஜான் வெய்ன் குதிரையில் வேலி தாண்டிப் போவதோடு முடித்தது. புதிய படம் கை இழந்த நடுவயதுப் பெண்ணை நம் முன் நிறுத்துகிறது. அவள் காக்பர்னைத் தேடி வரும்போது, அவர் மூன்று தினங்களுக்கு முன்னரே இறந்துபோயிருக்கிறார். பழிக்கு உரிய விலையை மறைக்காமல் சொன்னதே இந்த மறுபடைப்பின் மேன்மை.

'தி மேக்னிஃபிசென்ட் செவன்' குறித்து நீளமாகச் சொல்வதற்கில்லை. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) தந்த கதையை ஜான் ஸ்டர்ஜஸ் 1960இல் மெக்ஸிகோ கிராமத்துக்குக் கொண்டுபோனார். 2016இல் அன்டொயின் ஃபுக்வா கொள்ளைக்காரனுக்குப் பதிலாகச் சுரங்க முதலாளியை வைத்தார். கறுப்பரும் கொமாஞ்சியும் மெக்ஸிகரும் கிழக்காசியரும் அந்த எழுவரில் இடம்பெற்றார்கள். நல்ல மாறுதல்களே. ஆனால் ஜப்பானியப் படத்தின் இறுதியில் குடியானவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நாற்று நடுகிறார்களே, கார் நடவையும் பிசான நடவையும் வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்க்கும் அந்தக் காட்சிக்கு நிகரானது அமெரிக்கர்களின் இரண்டு படங்களிலும் இல்லை. வேலைக்கு வந்த வீரர்களைப் பெரிதாக்கப் பெரிதாக்க, யாருக்காக அவர்கள் வந்தார்களோ அந்த ஜனங்கள் மங்கிப் போகிறார்கள்.

தமிழிலே ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி கர்ணன் எடுத்த 'கங்கா' (1972) முதலான படங்களையும், சிம்புதேவன் அதே உலகத்தைப் பரிகாசமாகப் புனைந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) படத்தையும் பிரியத்தோடு பார்த்தவர்கள் அநேகர், நானும் ஒருவன். தொப்பியும் குதிரையும் துப்பாக்கியும் வந்தன, நிலம் வரவில்லை. நிலத்தை மாற்றிக் கதையைக் காப்பாற்றுவது நம்மால் இயலாத காரியம் அன்று என்பதற்கு, மலையாளத்தின் 'த்ருஷ்யம்' (2013) படத்தை அதன் இயக்குநர் ஜீத்து ஜோசப்பே கமல்ஹாசனை வைத்து இந்தப் பள்ளத்தாக்கில் நிலைநிறுத்திய 'பாபநாசம்' (2015) போதுமான அத்தாட்சி. சுயம்புலிங்கம் பேசும் பேச்சே அந்தக் கதைக்கு இந்த ஊரின் வாசத்தைக் கொடுத்துவிட்டது.

முத்துப்பட்டன் கதையைத் திரைக்குக் கொண்டுவர ஒருவர் முன்வருவாரானால், அவர் முதலில் படிக்க வேண்டியது நாங்குநேரி நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பற்றி எழுதியிருப்பதை. அந்தணன் ஒருவன் சக்கிலியர் வீட்டில் பெண் கொண்டான் என்பதைப் பொறுக்கமாட்டாதவர்கள், அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு பிறப்பு வரலாற்றைப் பிற்காலத்தில் சேர்த்தார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். இருநூறு டாலருக்காக உயிரைப் பணயம் வைத்தவனைப் பெரிய இடத்துப் பிள்ளை என்று காட்டினால் யூமா கதையில் என்ன மிஞ்சுமோ, அதுதான் இந்தச் சேர்க்கையை ஏற்றுக்கொண்டால் முத்துப்பட்டனில் மிஞ்சும். அந்தப் பிற்சேர்க்கையைத் தள்ளிவிட்டு, தோல் அறுத்துச் செருப்புத் தைக்கும் பகுதியை அவசரமின்றி முழுமையாக எடுக்க வேண்டும். சண்டையைச் சுருக்கமாக முடிக்கலாம். வீசுகோல் படும்போது வில்லின் மணிகள் குலுங்கும் ஓசையையும் குடத்தின் தாளத்தையும் தவிர வேறு வாத்தியம் வேண்டியதில்லை. கதையைச் சொல்லும் குரலும் பொம்மக்காவினுடையதாகவே இருக்கட்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் குடில் போட்டுத் தங்கி, பட்டவராயனுக்குத் தோல் செருப்புக் காணிக்கை செலுத்துகிற குடும்பங்களே அந்தப் படத்துக்கு முதல் ரசிகர்களாகவும் முதல் நீதிபதிகளாகவும் அமையட்டும்.