ஊருக்கு எத்தனை குடம்?

புதிதாக ஓர் ஊரை அமைக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீதி, பள்ளி, மருத்துவமனை, அங்காடி யாவற்றிற்கும் வரைபடம் ஆயத்தமாகிவிட்டது. அப்போது பொறியாளர்முன் ஒரு கேள்வி எழுகிறது: இவ்வூருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வேண்டும்? குறைத்துக் கணித்தால் மக்கள் குடமேந்தி நிற்பார்கள். கூட்டிக் கணித்தால் பொதுப்பணம் மண்ணில் புதையும். இக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதைத் தோழர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் வேண்டுவது மக்கள்தொகை. இன்றுள்ள தொகை மட்டும் போதாது. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் இருக்கக்கூடிய தொகையையும் மதிப்பிட வேண்டும். நம் ஊரில் ஒரு லட்சம் பேர் என்று கொள்வோம்.

அடுத்தது ஆளுக்கு ஆகும் நீர். கழிவுநீர்க் குழாய் அமைந்த நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வழங்கும் அளவு. பகலில் மட்டும் வந்து போகும் பள்ளி மாணவருக்கு 45 லிட்டர் போதும். உணவு விடுதியில் தங்குவோருக்குப் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் வேண்டும். நூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைக்கோ படுக்கை ஒன்றுக்கு 450 லிட்டர் வேண்டும். வீட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு லட்சம் பேருக்கு 1 கோடியே 35 லட்சம் லிட்டர்.

கணக்கு முடிந்ததா? இல்லை. குழாயில் விடும் நீர் முழுவதும் வீடு வந்து சேர்வதில்லை. இழப்பு நூற்றுக்கு 15க்கு மேற்படலாகாது என்பது விதி. நூற்றுக்கு 15 ஒழுகினால், நாம் அனுப்ப வேண்டியது 1 கோடியே 59 லட்சம் லிட்டர். நூற்றுக்கு 40 ஒழுகினாலோ 2 கோடியே 25 லட்சம்! மக்கள் குடிப்பதும் குளிப்பதும் அதே நீர்தான். இடைப்பட்ட 66 லட்சம் லிட்டர் மண்ணுக்குப் போகிறது. அது 48,000 பேருக்கு மேல் போதுமான நீர்.

ஏட்டுக் கணக்கை விடுத்து, நம் கண்முன் நிற்கும் மலையைப் பார்ப்போம். திருமலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2½ கோடிப் பேர் வருகிறார்கள். கோகர்ப்பம், ஆகாசகங்கை, பாபவிநாசனம், குமாரதாரா, பசுபுதாரா என ஐந்து அணைகள் மலைமேல் உள்ளன. அவை போதாமல் கீழேயுள்ள கல்யாணி அணையிலிருந்தும் நீர் ஏற்றப்படுகிறது. 2024 ஆகஸ்டில் மழை குறைந்தபோது தேவஸ்தானம் வெளியிட்ட கணக்கின்படி, திருமலையின் நாட்செலவு 43 லட்சம் காலன். ஐந்து அணைகளின் கொள்ளளவு 14,304 லட்சம் காலன். அன்று எஞ்சியிருந்தது 5,800 லட்சம் காலன். பிரமோற்சவமோ அக்டோபரில் வரவிருந்தது.

43 லட்சம் காலன் என்பது சுமார் 195 லட்சம் லிட்டர். வருவோர் தொகையால் வகுத்தால் ஆளுக்கு 285 லிட்டர் வருகிறது. 135 எங்கே, 285 எங்கே என்று வியக்க வேண்டா. அன்னதானக் கூடம், முடி காணிக்கை செலுத்தும் கல்யாண கட்டா, தங்கும் விடுதிகள், கடைகள், ஊழியர் குடியிருப்பு, பூந்தோட்டம் எல்லாம் இதில் அடங்கும். தலையை மட்டும் எண்ணினால் போதாது, தொழிலையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

இன்னொரு கணக்கும் உண்டு. மலை அணைகளின் நீரை மட்டும் நம்பியிருந்தால், அந்த 5,800 லட்சம் காலன் 135 நாளில் தீரும். செலவில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினால் 150 நாள் வரும். புதிய அணை கட்டாமலே பதினைந்து நாள் கிடைக்கிறது!

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எப்படி? எல்லாரும் உறங்கும் நேரத்தில் அளக்க வேண்டும். திருப்பதிக்கு வந்த புதிதில் நண்பர் மூவருடன் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். ஓரிரவு மோட்டாரை நிறுத்திவிட்டு, பதினொரு மணிக்கு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மீண்டும் அளந்தேன். ஒருவரும் குழாயைத் தொடவில்லை. ஆயினும் 70 லிட்டர் குறைந்திருந்தது. கழிப்பறைத் தொட்டியின் அடைப்பான் தேய்ந்து போயிருந்ததே காரணம். நாளொன்றுக்கு 280 லிட்டர்! வீட்டில் இருந்தது நால்வர். ஆனால் அறுவருக்கு நீர் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அப்போது நான் அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். லாரி வரும் ஓசை கேட்டதும் குடத்துடன் ஓடியிருக்கிறேன். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து நீர் ரயில் வந்தது. ஒரு முறைக்கு 25 லட்சம் லிட்டர். நம் கற்பனை ஊரில் வீணான 66 லட்சம் லிட்டர், நாள்தோறும் இரண்டரை ரயில் நீருக்கு மேலாகும்.

கண்டலேறு நீர்த்தேக்கத்திற்கு வரும் கிருஷ்ணை நீர்தான் திருப்பதிக்கும் வருகிறது. பூண்டி வழியாகச் சென்னைக்கும் போகிறது. இங்கே படிக்கும் நமக்கும் அங்கே இருக்கும் பெற்றோர்க்கும் ஒரே தேக்கத்து நீர். ஆதலின் தோழர்களே, இன்றிரவு உறங்குமுன் உங்கள் வீட்டுத் தொட்டியை ஒருமுறை அளந்து பாருங்கள். விடிந்ததும் மறுபடி அளவுங்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.