அசைபடமும் அதற்கேற்ற கலமும்

நெல்லைக் குதிரில் இடுவர்; தேனைக் குடத்தில் வைப்பர். தேனைக் குதிரில் ஊற்றுவார் எவரும் இலர். பொருளின் இயல்பறிந்து கலத்தைத் தேர்தலே அறிவுடைமை. கணிப்பொறியில் அசைபடங்களைச் சேமிப்பதற்கும் இம்முறை பொருந்தும். அங்குக் கலமாவது கோப்பு வடிவம்.

அசைபடம் உண்மையில் அசைவதன்று. சிறிது சிறிதே வேறுபட்ட பல படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றுதலின், கண் அவற்றை ஓர் இயக்கமாகக் கொள்கிறது. 400 புள்ளி அகலமும் 300 புள்ளி உயரமும் உடைய படத்தில் 1,20,000 புள்ளிகள் உள. நொடிக்குப் பத்துப் படமாக மூன்று நொடி ஓடின், 36,00,000 புள்ளிகளின் நிறத்தைக் குறித்தல் வேண்டும். இப்பெருஞ்சுமையைச் சுருக்கும் வகையிலேயே வடிவங்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

இங்குக் கூறப்படுவனவற்றுள் மூத்தது ஜிஃப். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் என்பார் தலைமையில் இஃது உருவாயிற்று. இதில் ஒரு படத்துக்கு 256 நிறங்களே உண்டு. ஆகவே, ஒரே நிறப் பரப்பு மிகுந்த கோட்டுச் சித்திரங்களுக்கும் விளக்கப்படங்களுக்கும் இது மிக ஏற்றது. மாலை வானத்துக்கோ மனித முகத்துக்கோ ஏலாது. படிப்படியாய் மாறும் நிறங்கள் பட்டை பட்டையாய்ச் சிதைந்து தோன்றும். மேலும், ஒரு புள்ளி பின்னணியை முழுதும் காட்டும், அன்றேல் முழுதும் மறைக்கும், இடைநிலை இல்லை. ஆதலின் புகையும் நிழலும் விளிம்பு முரடாய்த் தோன்றும்.

ஜிஃப் படங்களைச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. பலரும் அதனைப் பொதுவுடைமை எனக் கருதிப் பயன்படுத்தி வந்தனர். 1994-ஆம் ஆண்டின் இறுதியில், அம்முறையைக் கையாளும் மென்பொருள் செய்வோர் கட்டணம் செலுத்தல் வேண்டும் என்ற அறிவிப்பு எழுந்தது. ஊரார் நடந்த வழியில் திடீரெனச் சுங்கச்சாவடி எழுந்ததை இஃது ஒத்தது. வல்லுநர் பலர் 1995-ஆம் ஆண்டில் ஒன்றுபட்டு, எவர்க்கும் கட்டணமற்ற பி.என்.ஜி. என்னும் வடிவத்தை ஆக்கத் தொடங்கினர். அஃது அசையாப் படத்துக்கே உரியது. 2004-ஆம் ஆண்டில் மோசில்லாவைச் சார்ந்தோர் அதனை விரித்து ஏ.பி.என்.ஜி. எனும் அசைபட வடிவத்தைக் கண்டனர். இதில் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள் அமையும். அரைகுறைத் தெளிவும் அமையும். இவ்வடிவை அறியாத பழைய மென்பொருளும் ஒரு நிலைப்படத்தையேனும் காட்டும். ஜிஃப் பற்றிய காப்புரிமை அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டில் முடிவுற்றது. இன்று அத்தடை இல்லை.

கூகுள் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய வெப்.பி. வடிவமும் பின்னர் அசைபடம் ஏற்றது. நுண்மையைச் சிறிது விட்டுக்கொடுத்தும், சிறிதும் இழவாமலும் சுருக்க வல்லது அது. படப்பிடிப்புக் கருவியால் எடுத்த நெடுங்காட்சிக்கோ எம்.பி.4 போன்ற காணொளி வடிவமே தக்கது. முன்னைய படத்தின் எப்பகுதி எங்குப் பெயர்ந்தது என்பதையே பெரிதும் குறித்துச் செல்லுதலின், அதன் அளவு மிகவும் குறையும். ஜிஃப் ஏற்காத ஒலியையும் அது ஏற்கும்.

தகாத வடிவத்தைத் தேர்ந்தவர் அதன் சுமையை முழுதும் உணரார். அளவான தரவைக் காசு கொடுத்து வாங்கிச் சிற்றூரில் காத்திருப்பவரே அதனைச் சுமப்பவர். ஆதலின், படம் வரைந்ததா, எடுத்ததா? நிறம் சிலவா, பலவா? ஒலி வேண்டுமா? காண்பவர் கருவி எத்தகையது? இவ்வினாக்களுக்கு விடை கண்டு வடிவத்தைத் தேர்க. பிறர் வருத்தம் அறிந்து செய்வதே செய்தொழிலுக்கு அழகு.