எலக்ட்ரானிக் ஹேன்பிரேக் காரா? பின் பிரேக் பேட்டில் கைவைக்கும் முன் இதைப் படியுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, எங்கள் வீட்டுக் காரின் பின் சக்கரத்திலிருந்து 'கீச்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் லோரி ஓட்டியவர். சத்தத்தைக் கேட்டதுமே பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். "இதுக்கு எதுக்குப் பட்டறை? ஒரு மணி நேர வேலைதான்" என்று ஜாக்கியை எடுத்து வந்தார்.

சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பழைய பேட்டும் வெளியே வந்தாயிற்று. புதிய பேட் தடிமனாக இருக்கும் என்பதால், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அது உட்காரும். அப்பா வழக்கம்போல் கிளாம்பை வைத்து முறுக்கினார். பிஸ்டன் அசையவில்லை. துரு பிடித்திருக்கும் என்று நினைத்து இன்னும் பலம் கொடுத்தார். உள்ளே 'டக்' என்று ஏதோ உடைந்த சத்தம் கேட்டது.

200 வெள்ளிக்குள் முடிய வேண்டிய வேலை, காலிப்பரையும் அதன் மோட்டாரையும் மாற்ற வேண்டிய நிலைக்குப் போய் 1,000 வெள்ளியைத் தாண்டியது. காரைச் சரிசெய்த பட்டறைக்காரர் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, உங்க கை வேலையில தப்பு இல்ல. தள்ளுறதுக்கு முன்னால மோட்டாரைப் பின்னால வரச் சொல்லியிருக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்பி போய் மோட்டார் வந்த கதை

பழைய கார்களில் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் ஹேன்பிரேக்கை இழுத்தால், ஓர் இரும்புக் கம்பி பின் சக்கரங்களை இறுக்கும். நம்மில் பலர் ஓட்டிய சிறிய கார்களில் பின்னால் டிரம் பிரேக்தான். அதனால் 'பேட் மாற்றுவது' என்றாலே முன் சக்கர வேலை என்றுதான் பழகியிருக்கிறோம்.

இப்போதைய பெரும்பாலான எலக்ட்ரானிக் ஹேன்பிரேக்குகளில் அந்தக் கம்பி இல்லை. ஒரு சிறிய பொத்தான் மட்டுமே இருக்கும். 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற சொகுசு கார்களில் தொடங்கிய இந்த வசதி, இன்று நம் தாமான்களில் சாதாரணமாக நிற்கும் கார்களுக்கும் வந்துவிட்டது. 2018 இறுதியில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்70, 2020-இல் வந்த எக்ஸ்50 இரண்டிலும் இந்தப் பொத்தான்தான் இருக்கிறது.

இப்போது வரும் பெரும்பாலான கார்களில், பின் சக்கரக் காலிப்பர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறிய மின் மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். பொத்தானை இழுத்தால் மோட்டார் சுழன்று, பற்சக்கரங்கள் வழியாக ஒரு திருகாணியைத் திருப்பும். அந்தத் திருகாணியில் இருக்கும் நட்டு முன்னேறி வந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும். கார் அசையாமல் நிற்கும்.

பிஸ்டன் ஏன் உள்ளே போவதில்லை?

ஹேன்பிரேக்கை விடுவித்தால் அந்த நட்டு முழுவதுமாகப் பின்னால் போய்விடாது. சக்கரம் உரசாமல் சுற்றுவதற்குத் தேவையான சிறிதளவு மட்டுமே பின்வாங்கும். அடுத்த முறை உடனே பிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட் தேயத் தேய நட்டின் இடமும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

ஆகவே, பேட் மாற்றும் நேரத்தில் பிஸ்டனுக்குப் பின்னால் நட்டு முட்டுக் கொடுத்தபடி நிற்கிறது. உள்பக்கம் கட்டை வைத்து அடைத்த கதவை வெளியிலிருந்து தள்ளுவது போன்ற நிலை இது. கூடுதல் பலம் கொடுத்தால் திருகாணியின் மரையோ மோட்டாரின் பற்சக்கரமோ உடையும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இந்த நட்டை முழுவதுமாகப் பின்னால் கொண்டுவருவதற்கென்றே காரில் 'சர்வீஸ் மோட்' என்றொரு நிலை இருக்கிறது. பெரும்பாலான கார்களில், ஓட்டுநர் பக்க டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி அந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். சில கார்களில் திரையிலேயே அதற்கான மெனு இருக்கும். வேறு சிலவற்றில் பெடலையும் பொத்தானையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் போதும். ஒரு காரின் முறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. உங்கள் மாடலுக்குரிய கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும்.

நட்டு பின்வாங்கிவிட்டால், பெரும்பாலான கார்களில் பிஸ்டனை நேராகத் தள்ளினாலே உள்ளே போய்விடும். கம்பி ஹேன்பிரேக் உள்ள சில பின் காலிப்பர்களில் செய்வதுபோல் திருகித் திருகி உள்ளே அனுப்ப வேண்டியதில்லை.

மோட்டாரின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பின்வாங்க வைக்கும் குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று கணினிக்குத் தெரியும், வயருக்குத் தெரியாது. ஒரு நொடி அதிகமானாலும் உள்ளே இருப்பது இறுகிக்கொள்ளலாம்.

விரலும் உயிரும் முக்கியம்

செலவைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சில கார்களில் இன்ஜினை நிறுத்தினாலே ஹேன்பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சர்வீஸ் மோடில் போடாமல் காலிப்பருக்குள் விரல் வைத்திருக்கும்போது யாராவது காருக்குள் ஏறிப் பொத்தானைத் தொட்டால், விரல் நசுங்கிவிடும். பேட் இல்லாத நேரத்தில் மோட்டார் ஓடினால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டு பிரேக் ஆயிலும் கொட்டிவிடும்.

ஆகவே 'ஆட்டோ ஹோல்ட்' வசதியை முதலில் அணைக்க வேண்டும். சர்வீஸ் மோடில் போட்டபின் சாவியைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் காரின் பக்கம் விடக்கூடாது. பேட்டரி பலவீனமாக இருந்தால் மோட்டார் பாதியில் நின்றுவிடும் என்பதால், அதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

சர்வீஸ் மோடில் ஹேன்பிரேக் பிடிக்காது என்பதை மறந்துவிடக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட வேண்டும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் குழாயில் தொங்கவிடாமல், ஒரு கம்பியால் மேலே கட்டி வையுங்கள். தொங்கினால் குழாயின் உள்பக்கம் கிழியலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது இன்ஜின் பக்கம் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு உயரும். நிரம்பி வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மட்டும் தடவுங்கள். செம்மண் பாதையில் தினமும் ஓடும் தோட்டப்புற கார்களில் இந்தப் பின்கள் மண்ணேறி இறுகிவிடும். ஒரு பக்கப் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மேலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிடக் குறைந்திருந்தால் புதுப் பேட் போட்டுப் பயனில்லை. பேட்டைப் பொறுத்தவரை, உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டாலே மாற்றத் தயாராக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முடித்தவுடன் காரை நகர்த்தாதீர்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இது. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் முறை பிரேக்கை மிதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. வேலையை முடித்த சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுத்து வீட்டு கேட்டில் மோதியவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றார் எங்கள் பட்டறைக்காரர். அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ன ஆகும்?

அதனால், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மெதுவாக மிதியுங்கள். அதன்பிறகு சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வாருங்கள். மோட்டார் புதிய பேட்டின் தடிமனை அப்போதுதான் அறிந்துகொள்ளும். பொத்தானைச் சில முறை இழுத்து விடுவித்துப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருந்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சாலைக்கு எடுக்க வேண்டாம்.

முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் பேட் டிஸ்க்கோடு நன்றாகப் பொருந்தும். பேட் மாற்றிய மறுநாளே கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ புறப்படுவதைத் தள்ளிப்போடலாம்.

பட்டறையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இதையெல்லாம் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. பட்டறைக்குக் கொடுப்பதாக இருந்தால், வேலை தொடங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. என் கார் மாடலின் ஹேன்பிரேக்கை சர்வீஸ் மோடில் போட உங்களிடம் ஸ்கேனர் இருக்கிறதா?
2. எந்தப் பேட் போடப் போகிறீர்கள்? பெட்டியைக் காட்ட முடியுமா?
3. டிஸ்க் தடிமனை அளந்து சொல்வீர்களா?
4. கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வெளியில் செய்வதால் அது பாதிக்கப்படுமா? இதை விற்பனை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

முதல் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்ல, தள்ளினா போயிடும்" என்று பதில் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

எங்கள் அப்பா இப்போதும் முன் சக்கரப் பேட்டைத் தானே மாற்றுகிறார். பின் சக்கரம் என்றால் அந்தப் பட்டறைக்குப் போய், ஸ்கேனரைச் சொருகும்வரை பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஜாக்கி இரவல் கேட்டு வந்தான். அப்பா ஜாக்கியை உடனே கொடுத்துவிடவில்லை. "முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்றுதான் முதலில் கேட்டார்.