பத்து மணிக்கு மேலும் ஏன் தூக்கம் வருவதில்லை?

2020இல் பள்ளிகள் மூடியபோது பாடத்துக்காக ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் பல வீடுகளுக்குள் நுழைந்த போன், பள்ளி திறந்த பின்னும் பிள்ளைகளின் தலையணை ஓரத்திலேயே தங்கிவிட்டது.

இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. திரையின் நீல ஒளி கண்ணில் பட்டால், இன்னும் பகல்தான் என்று மூளை நினைத்துக்கொள்ள, சுரப்பு தள்ளிப்போகும். பதின்வயதில் தூக்க நேரத்தைத் தீர்மானிக்கும் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்தங்கும். அதனால் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

ஒளியைவிடப் பெரிய வில்லன், என் கணிப்பில், முடிவே இல்லாத ரீல்ஸ்தான். பிடித்தது எப்போது வரும் என்று தெரியாத எதிர்பார்ப்பு மூளையின் டோபமைனைத் தூண்டுகிறது, விரல் நிற்பதில்லை.

போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாப் போன்களையும் கூடத்தில் சார்ஜில் போடுங்கள். அப்பாவின் போனையும் சேர்த்துத்தான்.