கலமும் கையெழுத்தும்

பழம்பொருள்களைத் தேடித் திரட்டும் விருப்பம் மக்களிடையே தொன்றுதொட்டு வருவது. நாணயங்களைத் திரட்டுவோர் சிலர். அஞ்சல் தலைகளைத் திரட்டுவோர் சிலர். ஓவியங்களைத் திரட்டுவோர் வேறு சிலர். மேலைநாடுகளில், சிறப்பாக இங்கிலாந்தில், பழைய மட்கலங்களையும் பெரியோர்தம் கையெழுத்துகளையும் ஏலத்தில் எடுத்துப் போற்றுவோர் பலர் உளர்.

கலமும் கையெழுத்தும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். சிறிது எண்ணிப் பார்ப்பின், இரண்டும் மனிதனுடைய கை விட்டுச் சென்ற சுவடுகளே என்பது புலனாகும். கலத்திலே குயவனுடைய விரலின் அழுத்தம் நிற்கிறது. கடிதத்திலே எழுதியவருடைய உள்ளத்தின் ஓட்டம் நிற்கிறது. இரண்டும் எளிதில் அழியக் கூடியவை. கலம் கை தவறினால் உடைந்து போம். தாளோ நெருப்புக்கும் நீருக்கும் பூச்சிக்கும் இரையாகும். அழியத் தக்க பொருள் அழியாமல் நின்றதே அதன் அருமைக்கு முதற் காரணம்.

இத்தகைய பொருள்கள் கைமாறும் இடம் ஏல நிலையம். இலண்டன் மாநகரில் சாமுவேல் பேக்கர் என்னும் புத்தக வணிகர் 1744-ஆம் ஆண்டில் நூல்களை ஏலத்தில் விற்றார். அவருடைய வணிகத்திலிருந்து வளர்ந்ததே சோத்பி நிலையம். ஜேம்ஸ் கிறிஸ்டி என்பார் 1766-ஆம் ஆண்டில் கிறிஸ்டி நிலையத்தைத் தொடங்கினார். இவ்விரு நிலையங்களும் இன்றும் புகழுடன் விளங்குகின்றன.

ஏலத்திற்கென்று சில ஒழுங்குகள் உண்டு. விற்பனைக்கு வரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, அதன் காலம், அளவு, மதிப்பு, அதனை முன்னர் வைத்திருந்தோர் ஆகிய செய்திகள் அடங்கிய பட்டியலை வெளியிடுவர். விற்பனைக்கு முன் சில நாள்கள் பொருள்கள் பார்வைக்கு வைக்கப்படும். பொருளுக்கு உடையவர், இன்ன விலைக்குக் குறைந்தால் விற்பதற்கில்லை என்று ஓர் எல்லையை முன்னரே நிலையத்தாரிடம் கூறி வைப்பதும் உண்டு. ஏல நாளன்று ஒருவர் கேட்ட விலைக்கு மேல் மற்றொருவர் கேட்க, விலை படிப்படியாக ஏறும். மேற்கொண்டு கேட்பார் இல்லாதபோது ஏலம் கூறுவோர் சிறு சுத்தியால் மேசையைத் தட்டுவர். தட்டிய அளவிலே பொருள் இறுதியாகக் கேட்டவர்க்கு உரியதாகி விடும். அவ்விலையோடு நிலையத்தாருக்குரிய கட்டணத்தையும் அவர் செலுத்துதல் வேண்டும்.

ஏலத்தில் விலையை உறுதி செய்வது பொருளின் பயன் அன்று. அருமையும் அதனை விரும்புவோர் தொகையுமே. சீன நாட்டில் செங்குவா என்னும் பேரரசர் காலத்தில், அஃதாவது 1465-க்கும் 1487-க்கும் இடையில், செய்யப்பட்ட சிறு கிண்ணம் ஒன்று உண்டு. சேவலும் பெடையும் குஞ்சுகளும் அதன் புறத்தே தீட்டப்பட்டுள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அக்கிண்ணம் 1999-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரில் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் ஹாங்காங் டாலருக்கு விற்றது. 2014-ஆம் ஆண்டில் அதே நகரில் 28 கோடி டாலருக்கு மேல் விற்றது. இடையிலே கிண்ணம் மாறவில்லை. அதனை விழைந்தோரின் செல்வமும் வேட்கையுமே மாறின.

பழங்கலத்தை ஆராய்வோர் முதலில் அதனைக் கவிழ்த்துப் பார்ப்பர். மேற்புறத்து அழகு கண்ணை மயக்கும். அடிப்புறத்துக் குறியோ பிறப்பைக் கூறும். எந்த ஆலையில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதனை அக்குறியைக் கொண்டு பெரும்பாலும் அறியலாகும். இதனை விளக்குதற்கு ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் குயவரின் கலங்கள் தக்க சான்றாகும்.

வெட்ஜ்வுட் 1730-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியிலுள்ள பர்ஸ்லம் என்னும் ஊரில் குயவர் குடியிலே பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். இளமையிலே அம்மை நோயால் தாக்கப்பெற்று வலக்கால் வலியிழந்தார். குயவனுடைய சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்றுதல் அவருக்கு அரிதாயிற்று. பின்னர் 1768-ஆம் ஆண்டில் அக்கால் அறுத்து எடுக்கப்பட்டது. எனினும் அவர் மனம் தளர்ந்திலர். காலால் செய்யவியலாத தொழிலைக் கருத்தால் செய்யத் தலைப்பட்டார். மண்ணையும் மெருகையும் சூளையின் வெப்பத்தையும் மாற்றி மாற்றிப் பல்லாயிரம் சோதனைகள் புரிந்தார்; ஒவ்வொரு சோதனைத் துண்டுக்கும் எண் இட்டுக் குறித்து வைத்தார். அவர் செய்த பாலேட்டு நிறக் கலங்களை அரசி சார்லட் விரும்பி ஏற்றமையால் அவை அரசியின் கலங்கள் என்று பெயர் பெற்றன. நீல நிலத்தின்மேல் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும் ஜாஸ்பர் கலங்கள் அவருடைய பெயரை உலகெங்கும் பரப்பின.

வெட்ஜ்வுட் தம் பெயரையே கலத்தின் அடியில் முத்திரையாக அழுத்தினார். அம்முத்திரை ஒரு கால அட்டவணையைப் போன்றது. தாமஸ் பென்ட்லி என்னும் நண்பர் 1769 முதல் 1780 வரை அவருடைய கூட்டாளியாக இருந்தார். அக்காலத்து அலங்காரக் கலங்களில் இருவர் பெயரும் காணப்படும். 1860-ஆம் ஆண்டு முதல் செய்த மாதத்தையும் ஆண்டையும் உணர்த்தும் மூன்றெழுத்துக் குறி சேர்க்கப்பட்டது. அமெரிக்க நாட்டுச் சுங்கச் சட்டம் ஒன்றின் காரணமாக 1891-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து என்னும் நாட்டுப் பெயரும் சேர்ந்தது. ஆகவே, நாட்டுப் பெயர் பொறித்த கலத்தை ஒருவர் வெட்ஜ்வுட் வாழ்ந்த காலத்தது என்று கூறுவாராயின், அக்கூற்றை அந்தக் கலமே மறுத்து விடும்.

குறி உண்டாயின் போலிக் குறியும் உண்டாதல் இயல்பு. ஸ்டாக்டன் என்னும் ஊரில் இருந்த வேறொரு ஆலையார், வெட்ஜ்வுட் என்னும் பெயரின் நடுவே ஆங்கில எழுத்து ஒன்றை மிகையாகச் சேர்த்துத் தம் கலங்களில் பொறித்து விற்றனர். 1848-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனைத் தடை செய்தது. எழுத்துகளை ஒன்றொன்றாக நோக்குவார் ஏமாறார். பெயரை மேலோட்டமாகப் படிப்பாரே ஏமாறுவர்.

குறியைக் கண்ட பின்னர்க் குறையைக் காண வேண்டும். நல்ல பீங்கான் கலத்தை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் மணி போன்ற ஓசை எழும். மயிரிழை போன்ற விரிசல் இருப்பின் ஓசை மழுங்கும். உடைந்ததை ஒட்டி வண்ணம் பூசி மறைத்திருப்பின், புற ஊதா விளக்கின் ஒளியில் அவ்விடம் தனித்துத் தோன்றும்.

கையெழுத்துகளின் இயல்பு வேறு. வெறுங் கையொப்பத்தினும், தம் கையாலேயே எழுதி ஒப்பமிட்ட முழுக் கடிதம் சிறந்தது. அக்கடிதத்திலும் நலம் வினவும் செய்தியினும், எழுதியவருடைய அருஞ்செயலைப் பற்றிய செய்தி மிகுந்த மதிப்பைப் பெறும். புகழ் ஒன்றே விலையை உறுதி செய்வதில்லை என்பதற்குப் பட்டன் குவினெட் என்பார் சான்றாவர். 1776-ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் ஒப்பமிட்ட ஐம்பத்தறுவருள் அவரும் ஒருவர். மறு ஆண்டிலேயே துப்பாக்கிப் போட்டி ஒன்றில் காயமுற்று மாண்டார். ஆகவே அவருடைய ஒப்பங்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. ஐம்பத்தறுவர் ஒப்பத்தையும் ஒருங்கே திரட்ட விழைவோர் இவர் ஒப்பமின்றித் தம் தொகுதியை நிறைவு செய்யவியலாது. 2010-ஆம் ஆண்டில் அவருடைய ஒப்பம் ஒன்று 7 இலட்சம் டாலருக்கு மேல் விற்றது. வாழ்நாளில் பெரும்புகழ் பெறாத ஒருவரின் ஒப்பம், புகழ்மிக்க பலருடைய ஒப்பங்களினும் அரியதாயிற்று.

கையெழுத்தைத் திரட்டுவோர்க்கு நேரும் பெருந்தீங்கு போலியால் நேர்வது. பிரெஞ்சு நாட்டில் மிஷேல் ஷால் என்னும் கணித அறிஞர் இருந்தார். வடிவ கணிதத்தில் அவர் வல்லவர், பழங்கடிதங்களிடத்தும் பெருவிருப்பினர். வ்ரான் லூக்கா என்பவன் 1861-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கடிதங்களை அவருக்கு விற்றான். அவற்றுள் கிளியோபாத்ரா எழுதியதும் உண்டு. அலெக்சாந்தர் எழுதியதும் உண்டு. அவையெல்லாம் பிரெஞ்சு மொழியிலே இருந்தன! ஆசை கண்ணை மறைத்தலின் அறிஞர் அதனையும் ஐயுற்றிலர்.

அவ்வளவோடு நின்றிருப்பின் இழப்பு ஒருவருடைய பொருளளவில் முடிந்திருக்கும். புவியீர்ப்பு விதியைக் கண்டவர் நியூட்டன் அல்லர், பாஸ்கலே ஆவர் என்று காட்டும் கடிதங்களும் அத்தொகுதியில் இருந்தன. ஷால் அவற்றை 1867-ஆம் ஆண்டில் பாரிஸ் அறிவியற் கழகத்தின் முன் வைத்தார். பாஸ்கல் 1662-ஆம் ஆண்டில் இறந்தபோது நியூட்டன் இருபது வயதும் நிரம்பாத இளைஞர். கால முரணை எடுத்துக்காட்டிப் பலர் மறுத்தனர். முடிவில் சூது வெளிப்பட்டது. 1870-ஆம் ஆண்டில் லூக்காவுக்கு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு போலிக் கடிதம் ஒருவருடைய பணத்தை மட்டும் கவர்வதில்லை. உலகம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒருவருடைய புகழையும் கவர முற்படும். அதனாலேயே மெய்ம்மை காணுதல் திரட்டுவோரின் முதற் கடமையாகக் கொள்ளப்படுகிறது. தாளும் மையும் அக்காலத்தனவா, மொழிநடை எழுதியவர்க்கு உரியதா, கடிதம் யார் யார் கையில் இருந்து வந்தது என்னும் வினாக்கள் அனைத்திற்கும் விடை கண்ட பின்னரே அறிவுடையோர் ஏலத்தில் வாய் திறப்பர்.

வாய் திறந்த பின்னும் அடக்கம் வேண்டும். ஏலக் கூடத்தில் போட்டி மிகுந்துழிப் பொருளைப் பெறும் எண்ணம் மறைந்து, எதிராளியை வெல்லும் எண்ணமே மேலோங்கும். பட்டறிவுடையோர் வீட்டிலிருந்தே ஓர் எல்லை விலையை எழுதிக்கொண்டு செல்வர். விலை அதனைக் கடந்தால் அமைதியாக அமர்ந்து விடுவர்.

இத்துணை இடர்களுக்கிடையே இம்முயற்சியால் உலகிற்கு விளையும் பயன் யாதெனின், அதற்கும் வெட்ஜ்வுட்டின் வரலாறே விடை கூறும். 1848-ஆம் ஆண்டில் ஜோசப் மேயர் என்பார் பர்மிங்காம் நகரிலே பழம்பொருள் கடை ஒன்றில் தாள் குவியல் ஒன்றைக் கண்டார். மேயர் லிவர்பூல் நகரத்துப் பொற்பணி வணிகர். பழம்பொருள் திரட்டுவதில் ஈடுபட்டவர். வெண்ணெயும் இறைச்சியும் பொதிந்து கொடுக்க உதவும் கழிவுத் தாளாகக் கிடந்த அக்குவியல், வெட்ஜ்வுட் ஆலையின் கணக்கேடுகளும் கடிதங்களுமாக இருந்தது. மேயர் அவற்றை விலைகொடுத்து வாங்கிக் காத்தார். அவற்றைக் கொண்டே எலைசா மெட்டியார்டு என்னும் அம்மையார் வெட்ஜ்வுட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1865, 1866-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஒருவர் கண்ணுக்குக் கழிவாகத் தோன்றியது அறிந்தவர் கண்ணுக்கு வரலாறாகத் தோன்றியது.

வெட்ஜ்வுட்டின் கலங்களும் சோதனைத் துண்டுகளும் கடிதங்களும் பார்லஸ்டன் என்னும் ஊரிலுள்ள காட்சிசாலையில் காக்கப்பட்டு வந்தன. 2009-ஆம் ஆண்டில் அவ்வாலையை நடத்திய நிறுவனம் நொடித்தது. காட்சிசாலை தனி அறநிலையத்தின் வழி நடந்ததாயினும், அதன் பணியாளர் ஐவர் நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்தனர். அது காரணமாக, 13 கோடி பவுனுக்கு மேற்பட்ட ஓய்வூதியக் கடன் முழுதும் காட்சிசாலையின்மேல் விழுந்தது. தொகுதியை விற்றுக் கடன் தீர்க்கலாம் என்று 2011-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்பதினாயிரம் பொருள்கள் ஏலத்திற்கு வந்து, உலகின் பல மூலைகளுக்கும் சிதறும் நிலை உண்டாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறத்தலாகாது. அக்கடன் வீண் செலவால் வந்ததன்று. பல்லாண்டு உழைத்த தொழிலாளரின் முதுமைக்கு உரிய பணம் அது. அவர்கள் உரிமையும் காக்கப்பட வேண்டும். நாட்டின் செல்வமும் சிதறாமை வேண்டும். தொகுதியின் விலை 1 கோடியே 57 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் என மதிப்பிடப்பட்டது. கலை நிதியம் என்னும் அமைப்பு முன்னின்றது. பெரிய அறநிதிகள் பெரும்பகுதியைத் தந்தன; எஞ்சியதன் பொருட்டு 2014-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் தத்தம் ஆற்றலுக்கேற்ப வழங்கினர். ஏறத்தாழ ஒரு திங்களிலே முழுத்தொகையும் சேர்ந்தது. தொகுதி சுத்தியலின் ஓசைக்கு உட்படாமல் தப்பியது. அஃது இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலைக்கு உடைமையாக்கப்பட்டு, பிறந்த மண்ணாகிய ஸ்டாஃபோர்டுஷயரிலேயே இன்றும் வைத்துக் காக்கப்படுகிறது.

ஒரு கலம் எங்கே பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது என்பதனை அதன் அருகிலுள்ள கடிதம் கூறும். கடிதத்தில் கூறிய சொல் மெய்யா என்பதனைக் கலம் காட்டும். இரண்டும் ஓரிடத்தே இருப்பின் வரலாறு பேசும். பிரிந்து சிதறின் இரண்டும் வாய்மூடி விலைப்பொருளாகவே நிற்கும். திரட்டுதலின் சிறப்புப் பொருளைத் தன்னதாக்கிக்கொள்வதில் இல்லை. பின்வருவோர்க்குப் பழுதின்றி ஒப்படைப்பதிலேயே இருக்கிறது. மண்ணும் தாளும் அழியும் இயல்பின. அவற்றைக் காக்கும் மனப்பான்மை தலைமுறை தலைமுறையாக நிற்குமாயின், அவை தாங்கிய உழைப்பும் உண்மையும் அழியா.